'கேர்ஃபுல் டிரைவிங்' சரி, 'டிரைவிங் கேர்ஃபுல்லி'யும் சரி... அப்போ தப்பு எது? - ஆங்கில 'இங்' சொற்களின் இரட்டை வேடம்!

வீட்டு கேட்டில் 'நோ பார்க்கிங்'. பெட்ரோல் பங்க்கில் 'நோ ஸ்மோக்கிங்'. வண்டி பழக 'டிரைவிங் ஸ்கூல்'. பண்டிகை வந்தால் 'ஷாப்பிங்'. கல்யாணம் என்றால் 'கேட்டரிங்'. ஆங்கிலமே தெரியாது என்று சொல்பவர்கூட ஒரு நாளைக்குப் பத்து முறையாவது 'இங்' போட்டுப் பேசிவிடுகிறார்.

ஆனால், அதே 'இங்' சொல்லை ஒரு முழு ஆங்கில வாக்கியத்துக்குள் வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முன்னால் 'தி' போட வேண்டுமா, வேண்டாமா? பின்னால் 'ஆஃப்' வருமா, வராதா? 'கேர்ஃபுல்' என்பதா, 'கேர்ஃபுல்லி' என்பதா? வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதும் பட்டதாரி முதல், வங்கித் தேர்வில் 'பிழை கண்டுபிடி' கேள்வியில் திணறும் மாணவர் வரை பலரும் தடுக்கி விழும் இடம் இது.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் தானாகவே மறைந்துவிடும். அதற்கான சாவி நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பது கூடுதல் சுவாரஸ்யம்!

'டிரைவிங் பண்றான்' செய்யும் வேலை

ஆங்கில 'இங்' சொல் தமிழுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்று கவனித்தீர்களா? 'அண்ணன் சூப்பரா டிரைவிங் பண்றான்', 'அக்கா மார்க்கெட்டிங்ல இருக்கா', 'மீட்டிங் முடிஞ்சுதா?', 'கோச்சிங் எங்கே போறே?' - எல்லா இடத்திலும் அது பெயர்ச்சொல்லாகவே உட்கார்ந்திருக்கிறது. வினை வேலையை 'பண்ணு', 'எடு', 'போ' ஆகியவை பார்த்துக்கொள்கின்றன. 'சூப்பரா' என்ற சொல்கூட டிரைவிங்கோடு ஒட்டவில்லை. 'பண்றான்' என்பதோடுதான் ஒட்டுகிறது.

இதனால் நம் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிடுகிறது: 'இங்' என்று முடிந்தால் அது ஒரு விஷயத்தின் பெயர். பெயர் என்றால் முன்னால் 'தி' போடலாம். அந்தக் கணக்கில்தான், 'வண்டியைக் கவனமாக ஓட்டுவது முக்கியம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தி டிரைவிங் கேர்ஃபுல்லி இஸ் இம்பார்ட்டன்ட்' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு அர்த்தம் புரியும். ஆனால் ஆங்கிலக் காதுக்கு இது உறுத்தும்.

ஏன் உறுத்துகிறது? 'தி' என்பது பெயரின் கூட்டாளி. 'கேர்ஃபுல்லி' என்பது வினையின் கூட்டாளி. இருவரையும் ஒரே சொல்லின் இரண்டு பக்கத்திலும் நிறுத்தியதுதான் பிரச்னை.

ஒரே யூனிஃபார்ம், இரண்டு வேலை

ஆங்கிலத்தில் 'இங்' சொல்லைத் தனியாகப் பார்த்தால் அது பெயரா, வினையா என்று சொல்ல முடியாது. சுற்றி நிற்கும் சொற்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

'இங்' சொல் பெயராக இருக்கும்போது அதனுடன் வருபவர்கள்:

- 'ஏ', 'தி', 'திஸ்', 'தட்', 'சம்', 'நோ' போன்ற சொற்கள். 'எது, எவ்வளவு, யாருடையது' என்று காட்டும் இவற்றை ஆங்கில வகுப்பில் 'டிட்டர்மினர்' என்பார்கள்.
- 'கேர்ஃபுல்', 'குயிக்', 'லவுட்' போன்ற பெயரடைகள்.
- பொருளைச் சொல்ல 'ஆஃப்'. உதாரணம்: 'தி குயிக் ரீடிங் ஆஃப் தி லெட்டர்'.

'இங்' சொல் வினையாக இருக்கும்போது அதனுடன் வருபவர்கள்:

- 'கேர்ஃபுல்லி', 'குயிக்லி', 'லவுட்லி' போன்ற வினையடைகள். இவைதான் 'அட்வர்ப்'.
- 'ஆஃப்' இல்லாமல் நேரடியாக வரும் செயப்படுபொருள். உதாரணம்: 'ரீடிங் தி லெட்டர் குயிக்லி'.
- மறுப்புக்கு 'நாட்'.

இரண்டு அணியும் சரியான அணிதான். 'தி குயிக் ரீடிங் ஆஃப் தி லெட்டர்' என்றாலும் சரி, 'குயிக்லி ரீடிங் தி லெட்டர்' என்றாலும் சரி. அணி மாறி ஆடினால்தான் பிழை. 'தி குயிக்லி ரீடிங் ஆஃப் தி லெட்டர்' என்பதில் 'குயிக்லி' வேறு அணியிலிருந்து வந்து நிற்கிறது. 'குயிக் ரீடிங் தி லெட்டர்' என்பதில் 'குயிக்' தவறான அணியில் நிற்கிறது.

தமிழில் இது நமக்குத் தெரிந்த விஷயம்தான்!

'இவ்வளவு விதிகளை எப்படி நினைவில் வைப்பது?' என்று மலைக்க வேண்டாம். இதே வேறுபாட்டை நாம் தினமும் தமிழில் பிழையில்லாமல் கையாள்கிறோம்.

'ஆடுதல்', 'ஆட்டம்' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 'ஆடு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்கள். பள்ளியில் படித்த தொழிற்பெயர்கள். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், தொழிற்பெயரை உருவாக்கும் தல், அல், அம், ஐ, கை போன்ற விகுதிகளைப் பட்டியலே போட்டுத் தருகிறது.

இப்போது அடைமொழி சேர்த்துப் பாருங்கள். 'அழகாக ஆடுதல்' என்கிறோம். ஆனால் 'அழகான ஆட்டம்' என்கிறோம். 'அழகாக ஆட்டம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அடுத்து ஏதோ ஒரு வினை வரப்போகிறது என்று காது காத்திருக்கும். 'ஒரு ஆட்டம்', 'அந்த ஆட்டம்' என்பதெல்லாம் இயல்பு. 'ஒரு ஆடுதல்' என்றால் சிரிப்பு வரும்.

செயப்படுபொருளும் அப்படித்தான். 'கடிதத்தை வேகமாகப் படித்தல்' என்பதில் 'ஐ' உருபு இருக்கிறது. அதையே 'வாசிப்பு' என்று மாற்றினால், 'கடிதத்தின் வேகமான வாசிப்பு' என்று 'இன்' வந்துவிடுகிறது. 'வேகமாக' என்பது 'வேகமான' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' செய்யும் வேலையைத்தான் இந்த 'இன்' செய்கிறது.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். தமிழ் இதற்கெல்லாம் தனித்தனி விகுதி கொடுத்து அடையாளம் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் 'இங்' என்ற ஒரே யூனிஃபார்மை மாட்டிவிட்டு, 'கூட யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்' என்று விட்டுவிடுகிறது. எனவே ஆங்கில வாக்கியத்தில் சந்தேகம் வந்தால், மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வேகமாக' என்று வந்தால் வினை அணி. 'வேகமான' என்று வந்தால் பெயர் அணி.

இந்த இரட்டை வேடம் எப்போது வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வினையிலிருந்து பெயரை உருவாக்க 'உங்', 'இங்' என்ற விகுதிகள் இருந்தன. 'செய்துகொண்டிருக்கிற' என்ற பொருளுக்கு 'எண்டெ' என்ற வேறு விகுதி இருந்தது. இரண்டும் தனித்தனி ஆட்கள்.

அதன்பின் வந்த இடைக்கால ஆங்கிலத்தில் உச்சரிப்பு மாறி, இரண்டும் மெல்ல மெல்ல 'இங்' என்ற ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. பெயராக மட்டும் இருந்த 'இங்' சொல்லும் வினையைப் போல நேரடியாகச் செயப்படுபொருளையும் வினையடையையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது.

பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயர்களே இரண்டு அணிகளையும் கலந்துகட்டி எழுதினார்கள். 'தி' போட்டுவிட்டு 'ஆஃப்' போடாமல் விடுவது அன்றைக்கு சாதாரணம். 1762-ல் ராபர்ட் லவுத் என்பவர் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறிய அறிமுக நூல் எழுதினார். பின்னாளில் லண்டனின் பிஷப் ஆனவர் இவர். 'தி' போட்டால் 'ஆஃப்' போடுங்கள். இல்லையென்றால் இரண்டையுமே விட்டுவிடுங்கள். பாதிப்பாதியாகக் கலக்காதீர்கள் என்பது அவர் வலியுறுத்திய விஷயம். காலப்போக்கில் அந்தக் கலப்பு வடிவம் எழுத்து ஆங்கிலத்திலிருந்து மறைந்தது.

ஆக, 'தி ரீடிங் தி லெட்டர்' என்று இன்று எழுதும் மாணவர் செய்யும் பிழை, ஒரு காலத்தில் ஆங்கில எழுத்தாளர்களே செய்ததுதான்!

'ஹிஸ்', 'மை' வந்தால்... அர்த்தமே மாறும்!

'தி' கறாரான ஆள். ஆனால் 'மை', 'ஹிஸ்', 'ஹெர்', 'யுவர்' போன்ற உடைமைச் சொற்கள் இரண்டு அணியிலும் ஆடும். 'ஹிஸ் கேர்லெஸ் டிரைவிங் ஆஃப் தி வேன்' என்பதும் சரி. 'ஹிஸ் டிரைவிங் தி வேன் கேர்லெஸ்லி' என்பதும் சரி. இங்கேதான் இலக்கணத்தைத் தாண்டி அர்த்தம் விளையாடத் தொடங்குகிறது.

பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆசிரியர்மீது எந்தக் குறையும் இல்லை. தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். 'வீ ஆர் நாட் ஹேப்பி வித் ஹிஸ் டீச்சிங்.'

இதைப் படிக்கும் நிர்வாகம் என்ன புரிந்துகொள்ளும்? 'அவர் பாடம் நடத்தும் விதம் சரியில்லை' என்றுதான். காரணம், இங்கே 'டீச்சிங்' பெயராக நிற்கிறது. பெயராக நிற்கும்போது அது பெரும்பாலும் அந்தச் செயலையும், அது நடக்கும் விதத்தையும் குறிக்கும். அவர் எப்படி நடத்துகிறார் என்பதுதான் விஷயமாகிவிடும்.

அதையே 'வீ ஆர் நாட் ஹேப்பி அபவுட் ஹிஸ் டீச்சிங் டூ கிளாஸஸ் அட் தி சேம் டைம்' என்று எழுதினால், 'டீச்சிங்' நேரடியாக ஒரு செயப்படுபொருளைப் பிடித்துக்கொண்டு வினையாகிவிடுகிறது. 'அவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறதே' என்ற உண்மை நிலவரத்தைத்தான் அது குறிக்கும். குறை ஏற்பாட்டின்மீது, ஆசிரியர்மீது அல்ல. முதல் கடிதம் ஒருவரின் வேலைக்கே உலை வைக்கலாம். இரண்டாவது கடிதம் அவருக்கு உதவியாகக்கூட அமையலாம்.

தமிழில் இந்த ஆபத்து குறைவு. 'அவர் பாடம் நடத்தும் விதம்' என்றும், 'அவர் இரண்டு வகுப்புக்கு நடத்துவது' என்றும் பிரித்துச் சொல்லிவிடுவோம்.

மொழியியலாளர்கள் இந்த வேறுபாட்டைத் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1960-ல் ராபர்ட் லீஸ் எழுதிய நூலும், 1970-ல் நோம் சாம்ஸ்கி எழுதிய கட்டுரையும் இந்தத் துறையில் முக்கியமானவை.

'ஹிஸ்' என்பதா, 'ஹிம்' என்பதா?

'அவன் தாமதமாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை 'ஐ டோன்ட் லைக் ஹிஸ் கம்மிங் லேட்' என்பதா, 'ஐ டோன்ட் லைக் ஹிம் கம்மிங் லேட்' என்பதா? இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

1906-ல் வெளிவந்த 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில், ஃபவுலர் சகோதரர்கள் 'ஹிம் கம்மிங்' வகையைக் கடுமையாகக் கண்டித்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1926-ல் இதை மறுத்தார். நல்ல எழுத்தாளர்களே இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று உதாரணங்களை அடுக்கினார்.

இன்றைய நிலவரம் இதுதான்: பேச்சில் 'ஹிம் கம்மிங்' சகஜம். அலுவல் கடிதத்திலும் தேர்வுத் தாளிலும் 'ஹிஸ் கம்மிங்' பாதுகாப்பு.

'நோ' வேறு, 'நாட்' வேறு

வாசல் கேட்டில் 'நோ பார்க்கிங்' என்று எழுதுகிறோமே தவிர, 'நாட் பார்க்கிங்' என்று எழுதுவதில்லை. 'நோ' என்பது டிட்டர்மினர். அது பெயரோடு நிற்கும். 'நாட்' என்பது வினையோடு நிற்கும்.

'புகைபிடிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது' என்பதற்கு 'நாட் ஸ்மோக்கிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்'. பலகைக்கு மட்டும் 'நோ ஸ்மோக்கிங்'. 'வர முடியாததற்கு மன்னிக்கவும்' என்பதற்கு 'சாரி ஃபார் நாட் கம்மிங்'. இங்கே 'சாரி ஃபார் நோ கம்மிங்' என்றால் தவறு.

இதில் ஒரு செல்லமான விதிவிலக்கு உண்டு. 'தேர் இஸ் நோ டினையிங் இட்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். 'அதை மறுக்கவே முடியாது' என்று அர்த்தம். 'நோ' முன்னால் நிற்கிறது. ஆனால் பின்னால் 'ஆஃப்' இல்லாமல் நேரடியாக 'இட்' வருகிறது. இரண்டு அணியும் கலந்து ஆடினாலும் இந்தத் தொடர் முழுக்கச் சரி. 'முடியவே முடியாது' என்ற பொருளில் வரும் தொடர்களில் இந்தச் சலுகை உண்டு.

பேச்சில் இன்னொரு சலுகை 'திஸ்' என்ற சொல்லுக்கு. 'திஸ் கம்மிங் ஹோம் லேட் எவ்ரி நைட் மஸ்ட் ஸ்டாப்!' என்று ஓர் ஆங்கிலத் தாய் மகனைத் திட்டலாம். 'தினம் ராத்திரி லேட்டா வர்ற இந்த வேலையெல்லாம் இனிமே கூடாது' என்று நம் வீட்டு அம்மா சொல்வது போலத்தான். திட்டும்போது இலக்கணம் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும் போலிருக்கிறது!

'தி' வந்தும் 'ஸ்லோலி' வரலாமா?

'தி ஸ்லோலி மெல்ட்டிங் ஐஸ்' என்ற தொடரைப் பாருங்கள். முன்னால் 'தி' இருக்கிறது. 'ஸ்லோலி' என்ற வினையடையும் இருக்கிறது. ஆனாலும் இது சரி. எப்படி?

'தி' என்ற சொல் இங்கே 'மெல்ட்டிங்' என்பதற்குச் சொந்தமில்லை. கடைசியில் உட்கார்ந்திருக்கும் 'ஐஸ்' என்ற பெயருக்குச் சொந்தம். 'ஸ்லோலி' மட்டும்தான் 'மெல்ட்டிங்' என்பதோடு ஒட்டுகிறது. தமிழில் சொன்னால் 'மெல்ல உருகும் பனிக்கட்டி'. 'உருகும்' என்பது பெயரெச்சம். பெயரெச்சத்துக்கு முன் வினையடை வருவது நமக்கு இயல்பான விஷயம்.

எனவே 'தி'யும் வினையடையும் சேர்ந்து வந்தால், 'இங்' சொல்லுக்குப் பின்னால் 'தி' சேர வேண்டிய வேறொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை. 'ஏ ரேப்பிட்லி குரோயிங் டவுன்' - வேகமாக வளரும் ஊர். சரியான ஆங்கிலம்.

இன்டர்வியூவில் காலை வாரும் இரண்டு தொடர்கள்

'நான் கடுமையாக உழைப்பவன்' என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் ஹார்ட்லி வொர்க்கிங்' என்று சொல்பவர்கள் உண்டு. வினையடை என்றால் 'லி' சேர்க்க வேண்டும் என்று படித்த பாடத்தின் விளைவு. ஆனால் 'ஹார்ட்லி' என்றால் 'கிட்டத்தட்ட இல்லை' என்று அர்த்தம். 'நான் வேலையே செய்வதில்லை' என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தது போல ஆகிவிடும்! 'ஹார்ட்' என்ற சொல்லே வினையடையாகவும் வரும். 'ஹார்ட்வொர்க்கிங்' என்பதுதான் சரி. 'ஃபாஸ்ட்' என்ற சொல்லும் அப்படியே. 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் இன்றைய ஆங்கில வழக்கில் இல்லை.

அடுத்தது 'ஐ ஆம் வெரி போரிங்'. 'எனக்கு ரொம்ப போரடிக்கிறது' என்று சொல்ல நினைத்துச் சொல்வது. உண்மையில் இதன் அர்த்தம், 'நான் மற்றவர்களை ரொம்ப போரடிக்க வைப்பவன்'. 'வெரி போர்டு' என்றிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன சோதனையும் இருக்கிறது. 'வெரி' என்ற சொல் ஒட்டினால், அந்த 'இங்' சொல் முழுப் பெயரடையாகவே மாறிவிட்டது என்று அர்த்தம். 'வெரி இன்ட்ரஸ்டிங்', 'வெரி சார்மிங்' சரி. 'வெரி ரன்னிங்', 'வெரி ஈட்டிங்' என்று சொல்ல முடியாது. அவை இன்னும் வினைகளாகவே இருக்கின்றன.

டாக்டரைப் பார்ப்பதா, பார்க்க வரும் டாக்டரா?

'விசிட்டிங் டாக்டர்ஸ் கேன் பி காஸ்ட்லி.' இதற்கு இரண்டு அர்த்தம் வரும். 'டாக்டர்களைப் போய்ப் பார்ப்பது செலவு வைக்கும்' என்றும் புரிந்துகொள்ளலாம். 'வெளியிலிருந்து வந்து பார்க்கும் டாக்டர்களுக்குக் கட்டணம் அதிகம்' என்றும் புரிந்துகொள்ளலாம்.

இதைத் தீர்க்க ஒரு சின்ன டிட்டர்மினர் போதும். 'தி விசிட்டிங் டாக்டர்ஸ்' என்றால் வந்து பார்க்கும் டாக்டர்கள். 'விசிட்டிங் தி டாக்டர்ஸ்' என்றால் நாம் போய்ப் பார்ப்பது. 'தி' எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது.

வினையடையை வைக்கும் இடத்திலும் இதே கவனம் தேவை. 'வாக்கிங் ஆஃப்டன் ஹெல்ப்ஸ்' என்று எழுதினால், 'அடிக்கடி நடப்பது உதவும்' என்பதா, 'நடப்பது பல சமயம் உதவும்' என்பதா? நடுவில் மாட்டிக்கொண்ட 'ஆஃப்டன்' இரண்டு பக்கமும் பார்க்கிறது. 'இட் ஹெல்ப்ஸ் டு வாக் ஆஃப்டன்' என்று மாற்றினால் முதல் அர்த்தம் உறுதியாகிவிடும்.

ரெடிமேட் பெயர் இருக்கும்போது 'இங்' எதற்கு?

'தி அரைவிங் ஆஃப் தி டிரெயின்' என்று எழுதினால் விதிப்படி பெயர் அணி சரியாகவே இருக்கிறது. 'தி' இருக்கிறது, 'ஆஃப்' இருக்கிறது. ஆனாலும் இயல்பாக இல்லை. காரணம், 'அரைவல்' என்ற பெயர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கிறது. 'தி அரைவல் ஆஃப் தி டிரெயின்' என்பதுதான் வழக்கு.

இதேபோல 'தி ரெடியூசிங் ஆஃப் காஸ்ட்' என்பதைவிட 'தி ரிடக்‌ஷன் ஆஃப் காஸ்ட்' நன்று. 'தி ரெஃப்யூசிங்' என்பதைவிட 'தி ரெஃப்யூசல்' நன்று. தமிழில் 'ரயிலின் வருதல்' என்று சொல்லாமல் 'ரயிலின் வருகை' என்று சொல்கிறோமே, அதேதான்.

இன்னொரு பக்கம், பில்டிங், மீட்டிங், பெயின்ட்டிங் போன்றவை முழுக்கப் பெயராகவே மாறிவிட்டவை. 'எஸ்' சேர்த்துப் பன்மையாக்க முடிகிறதா என்று பாருங்கள். 'பில்டிங்ஸ்', 'மீட்டிங்ஸ்' என்று சொல்ல முடிந்தால், அங்கே அது பெயர் அணியின் நிரந்தர உறுப்பினர். அதன் பக்கத்தில் வினையடைக்கு இடமில்லை.

பெயர், வினை என்று கறாராகக் கோடு போட முடியாது, நடுவில் பல படிகள் இருக்கின்றன என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ராண்டால்ஃப் குவிர்க்கும் அவர் சகாக்களும் 1985-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், 'பெயின்ட்டிங்' என்ற ஒரே சொல்லை வைத்து, முழுப் பெயரில் தொடங்கி முழு வினை வரை படிப்படியாக ஒரு வரிசையே அமைத்துக் காட்டியிருக்கிறது. அறிஞர்களே படி போட்டு ஏறும் இடத்தில், மாணவர்கள் தடுமாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எழுதி முடித்ததும் 4 கேள்விகள்

விண்ணப்பமோ, இ-மெயிலோ, தேர்வுக் கட்டுரையோ... 'இங்' சொல் வரும் இடத்தில் நிறுத்தி, இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. 'இங்' சொல்லுக்கு முன்னால் அதற்கே சொந்தமான 'தி' அல்லது 'ஏ' இருக்கிறதா? இருந்தால், பின்னால் செயப்படுபொருள் வரும் இடத்தில் 'ஆஃப்' போடுங்கள்.
2. 'ஆஃப்' இல்லாமல் நேரடியாகச் செயப்படுபொருள் வந்திருக்கிறதா? அப்படியென்றால் 'தி'யை எடுத்துவிடுங்கள். அடைமொழிக்கு 'லி' தேவையா என்று பாருங்கள்.
3. மறுப்பா? வினை என்றால் 'நாட்'. பெயர் என்றால் 'நோ'.
4. அந்தச் செயலுக்கு ரெடிமேட் பெயர் இருக்கிறதா? இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கூடவே ஒரு போனஸ்: கடிதத்தின் முடிவில் வரும் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின் 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். 'ஹியர்' என்று நிறுத்தக் கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்!

கீழே உள்ள 5 தொடர்களில் ஒன்று மட்டும் சரி. எது என்று கண்டுபிடித்துவிட்டு விடையைப் பாருங்கள். வீட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்.

1. 'தி ரைட்டிங் லெட்டர்ஸ் இஸ் ஹெர் ஹாபி.'
2. 'ஹிஸ் சடன்லி லீவிங் ஆஃப் தி ஜாப் ஷாக்டு அஸ்.'
3. 'தேங்க்ஸ் ஃபார் நோ டெல்லிங் எனிஒன்.'
4. 'தி ரேப்பிட்லி குரோயிங் சிட்டி நீட்ஸ் மோர் வாட்டர்.'
5. 'ஷீ இஸ் ஃபேமஸ் ஃபார் பியூட்டிஃபுல் சிங்கிங் தமிழ் சாங்ஸ்.'

விடைகள்

1. தவறு. 'தி' வேண்டாம். 'ரைட்டிங் லெட்டர்ஸ் இஸ் ஹெர் ஹாபி' போதும்.
2. தவறு. 'சடன்லி' வினையின் ஆள். 'ஆஃப்' பெயரின் ஆள். 'ஆஃப்' என்பதை நீக்கி, 'ஹிஸ் சடன்லி லீவிங் தி ஜாப்' என்று எழுதலாம்.
3. தவறு. 'நோ' இருக்கும் இடத்தில் 'நாட்' வர வேண்டும்.
4. சரி! 'தி' என்பது 'சிட்டி'க்குச் சொந்தம். 'ரேப்பிட்லி' என்பது 'குரோயிங்'குக்குச் சொந்தம்.
5. தவறு. 'சிங்கிங் தமிழ் சாங்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதலாம். அல்லது 'ஹெர் பியூட்டிஃபுல் சிங்கிங் ஆஃப் தமிழ் சாங்ஸ்' என்று எழுதலாம்.

ஐந்தும் சரியாகச் சொன்னவர்களுக்குச் சபாஷ். ஒன்றிரண்டு தவறினாலும் பரவாயில்லை. 'வேகமாக'வா, 'வேகமான'வா என்று தமிழில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் முயன்று பாருங்கள். விடை தானாக வந்துவிடும்.